ஊதாத நாற்பது நாட்கள்

“விபூதிப் புதனிலை பல்லுப் புடுங்குவியளோ, பிள்ளை?”

மேசைக்கு முன்னால் நின்ற மனிதர் மழைக்கோட்டின் தொப்பியைக்கூட இன்னும் கழற்றவில்லை. லண்டன் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில், ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது நான் வேலை செய்யும் பல் வைத்தியசாலை. வருகிறவர்களுக்கு நாள் குறித்துக் கொடுப்பது என் வேலை. அது பெப்ரவரி மாதத்தின் நடுப்பகுதி.

“அது எந்தத் திகதி, அங்கிள்?”

“மார்ச் அஞ்சு.”

கணினியைப் பார்த்தேன். மேல் முன்பற்கள் இரண்டும் ஆடுகின்றன, சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்று டொக்டர் எழுதியிருந்தார்.

“வாற திங்கள் காலமை ஒரு இடம் இருக்கு.”

“ஏலாது.”

“அதுக்கு அடுத்த வியாழன்?”

“ஏலாது பிள்ளை. நாலாந்திகதி செவ்வாய்க்கிழமை வரைக்கும் எனக்கு இந்த ரெண்டு பல்லும் வேணும்.”

“செவ்வாய்க்கிழமை என்ன?”

“ஊதவேணும்.”

“என்னத்தை?”

“சாக்ஸபோன். செவ்வாய் பின்னேரத்தோடை சரி. புதன் தபசுகாலம் தொடங்குது. பிறகு ஈஸ்டர் பாஸ்கு வரைக்கும் நாப்பது நாளைக்கு நான் அதைத் தொடமாட்டன். நாப்பது நாளுக்குள்ளை இது ஆறிடும் எல்லோ?” மேலுதட்டை விரலால் தூக்கி ஈறைக் காட்டினார்.

“அதை டொக்டரைத்தான் கேக்கவேணும்.”

“கேளுங்கோ. ஆனால் நாள் புதனிலையே போடுங்கோ. அண்டைக்கு எனக்கு ஒருசந்தி, ஒரு நேரம்தான் சாப்பாடு. பல்லைப் புடுங்கினாலும் சாப்பிட ஏலாது. ரெண்டும் ஒண்டாக் கழியட்டும்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு பெயரைக் கேட்டேன்.

“சவிரிமுத்து. உங்கடை கொம்பியூட்டரிலை சவி எண்டும் கிடக்கும். அது மேடைப் பேர்.”

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவர் பேரைப் பதிந்தேன். அவர் படியிறங்கிப் போன பிறகுதான் கவனித்தேன், பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவருடைய வலதுகை விரல்கள் மேசையின் விளிம்பில் மெல்ல எழுந்தும் விழுந்தும் கொண்டிருந்தன. மேசையில் சத்தமே இல்லை.

சவிரிமுத்து யாழ்ப்பாணம் குருநகரில், 1961இல் பிறந்தவர். அங்கே தேவாலயத்துக்கென்று ஒரு பாண்ட் குழு இருந்தது. பெருநாளுக்கு ஊதும், செத்தவீட்டுக்கும் ஊதும். பதினாலு வயதில் அதில் சேர்ந்தார். முதலில் கிளாரினெட், பிறகு சாக்ஸபோன். செத்தவீட்டில் வீட்டிலிருந்து கோயிலுக்கும், கோயிலிலிருந்து புதைக்கிற சேமக்காலைக்கும் நடந்துகொண்டே ஊத வேண்டும்.

“பெட்டியைக் காவிக்கொண்டு போறவை களைச்சால் பாட்டும் களைக்கவேணும்,” என்று ஒருநாள் சொன்னார். “அவை நிண்டு தோள் மாத்திற நேரம் பாட்டையும் ஒரு சத்தத்திலை நிப்பாட்டி வச்சிருக்கவேணும். மூச்சு முடியிறதுக்கிடையிலை அவை நடக்கத் தொடங்கிவிடவேணும் எண்டு மனசுக்குள்ளை மன்றாடுவன்.”

1986இல் லண்டனுக்கு வந்தார். பிளாஸ்ரோவில் ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை. அடகுக்கடைக் கண்ணாடிக்குள் ஒரு பழைய டெனர் சாக்ஸபோனைக் கண்டு மூன்று மாதம் அதைச் சுற்றிச் சுற்றி நடந்து, கடைசியில் வாங்கினார். ஷெட்டின் பின்பக்கம் பழைய டயர்கள் அடுக்கியிருந்த இடத்தில் நின்று, தெரிந்ததை ஊதினார். தெரிந்தது செத்தவீட்டுப் பாட்டுத்தான். வான் வண்டிக்கு டீசல் அடிக்க வந்த ஒருவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பின்பக்கம் வந்தார். பெயர் டெரிக். பெற்றோர் பார்படோஸ் தீவிலிருந்து வந்தவர்கள். பகலில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர், வார இறுதியில் ரிதம் அண்ட் புளூஸ் குழு ஒன்றில் டிரம்ஸ் வாசிப்பவர்.

இது புளூஸ் அல்லவா, துயரத்தின் பாட்டு அல்லவா, எங்கே படித்தாய் என்று டெரிக் கேட்டாராம். செத்தவீட்டில் என்றாராம் இவர். டெரிக், அப்படியென்றால் சரியான இடத்தில்தான் படித்திருக்கிறாய் என்று சொல்லி, வானுக்குள் கிடந்த ஒரு கசெட்டை எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு முப்பத்தேழு வருடம். பார்க்கிங், பிளாஸ்ரோ, எட்மண்டன் என்று லண்டனின் பல பகுதிகளில், பப்புகளின் மூலைமேடைகளில் வெள்ளி மாலையும் ஞாயிறு பின்னேரமும் ஊதினார். பிற நாட்களில், முதலில் பெற்றோல் ஷெட், பிறகு ஓய்வு பெறும்வரை டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில்பாதையில் ஒரு ஸ்டேஷன் வாசலில் வேலை. டிக்கெட் வேலை செய்யாமல் நிற்பவர்களுக்குக் கேற்றைத் திறந்து விடுவார். ரயில் கதவு மூடுவதற்கு முன் வரும் சத்தம் எந்தச் சுருதி என்று அவருக்குத் தெரியும். வேலை முடிந்து வரும்போது அதில் தொடங்கி, வீட்டு வாசலில் முடிகிற மாதிரி ஒரு மெட்டை முனகிக்கொண்டே நடப்பாராம்.

நாற்பது நாள் நேர்த்தி 1990இல் வந்தது. குருநகரில் கடலுக்குப் போன அவருடைய தம்பி திரும்பி வரவில்லை. சண்டைக் காலம். ஆறு கிழமை ஒரு செய்தியும் இல்லை. பார்க்கிங் தேவாலயத்தின் பின்வாங்கில் இருந்து, தம்பி உயிரோடு வந்தால் உயிருள்ளவரை தபசுகாலத்தில் சாக்ஸபோனைத் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டார். பதினோராம் நாள் இந்தியாவில் ஓர் அகதி முகாமிலிருந்து தம்பி எழுதிய கடிதம் வந்தது. படகு இயந்திரம் பழுதாகி அங்கே ஒதுங்கியிருக்கிறார். இப்போது கனடாவில் இருக்கிறார். வருடாவருடம் மார்ச் மாதம் போன் எடுத்து, “அண்ணை, நான் வந்து முப்பது வருசம் தாண்டிட்டுது. இனி ஊதுங்கோவன், நான் திரும்பப் போகமாட்டன்,” என்று பகிடி விடுவாராம்.

விபூதிப் புதன் காலையில் சவிரிமுத்து நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்தார். எங்கள் டொக்டர் பிரமிளா மலேசியாக்காரர். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்.

“நெத்தியிலே இருக்கிறது அழியாமப் பாத்துக்கிறேன் அங்கிள், பயப்படாதீங்க,” என்றார்.

“அது அழிஞ்சால் பறவாயில்லை டொக்டர். பாஸ்குத் திங்கள் நான் ஊதவேணும். அதைப் பாருங்கோ.”

அந்தத் திங்கட்கிழமைதான் எல்லாவற்றுக்கும் காரணம். டெரிக்குக்கு எழுபத்திரண்டு வயதாகிவிட்டது. டிரம்ஸை விற்றுவிட்டு பார்படோஸுக்கே போய்விடப் போகிறார். பாஸ்கு முடிந்த மறுநாள் விடுமுறைத் திங்கள் பின்னேரம் பார்க்கிங்கில் கடைசி நிகழ்ச்சி. சவிரிமுத்து ஊதாவிட்டால் வேறொருவரைப் பிடிக்க வேண்டும். முப்பத்தேழு வருடத்துக்குப் பிறகு, கடைசிநாளில் வேறொருவரை.

பற்கள் இரண்டும் வந்தன. அப்போதே இரண்டு கட்டுப்பல் வைத்த பிளேட்டைப் பொருத்திவிட்டு டொக்டர் விளக்கினார். சாக்ஸபோனின் மவுத்பீஸை மேலே தாங்குவது முன்பற்கள்தான். பிளேட் அதைத் தாங்குமா, மூச்சின் அழுத்தத்தில் எழும்பிவிடுமா என்று ஊதிப் பார்த்தால்தான் தெரியும்.

“ரெண்டு வாரம் போகட்டும். வீட்டிலே ஊதிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, சரி பண்ணிடலாம்.”

பஞ்சைக் கடித்தபடி சவிரிமுத்து தலையை ஆட்டினார். “ஏலாது.”

“வலிக்குமேன்னு பாக்குறீங்களா?”

“நேர்த்தி.”

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். கேட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி வாளிக்குள் போட்டார்.

“அப்போ நாப்பது நாளும் ஊதாமலே நான் பிளேட்டை அளவு பாக்கணும். கண்ணை மூடிக்கிட்டுச் சட்டை தைக்கிற மாதிரி இருக்கு லா.”

“மவுத்பீஸைக் கொண்டு வாறன் டொக்டர். கடிச்சுக் காட்டுறன். ஊதினால்தான் பிழை. கடிச்சால் பிழை இல்லை.”

“யாரு சொன்னா?”

“நான்தானே நேர்ந்தனான்.”

அப்படித்தான் அந்த வியாழக்கிழமைகள் தொடங்கின. நாலு மணிக்கு நேரம் கொடுத்தால் மூன்றரைக்கே வந்துவிடுவார். மவுத்பீஸ் ஒரு சின்ன வெல்வெட் பையில் இருக்கும். ஜன்னலோரக் கதிரையில் இருந்து, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, குடைப்பிடியில் விரல்களை வைப்பார்.

அந்த நேரத்தில் எதிர்ப்பக்கத்துச் சேலைக்கடையின் கண்ணாடியில் பட்ட வெயில் திரும்பி எங்கள் சுவரில் விழும். ஒருநாள் ஊதா, ஒருநாள் மாம்பழ மஞ்சள். கண்ணாடிக்குள் எந்தச் சேலையை விரித்திருக்கிறார்களோ அந்த நிறம். கீழே பஸ்கள் நிற்கும், மூச்சு விடும், போகும். அந்த நிறத்துக்குள் அவருடைய விரல்கள் இறங்கும், ஏறும், ஓரிடத்தில் நின்று நடுங்கும். காத்திருக்கிற மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது வியாழனில் எனக்கு அவற்றில் ஒரு பாட்டு அடையாளம் தெரிந்துவிட்டது. முதலில் இடதுகை மூன்று விரல் ஒன்றாக விழும். பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு சின்னவிரல் மட்டும், எதையோ தொட்டுப் பார்ப்பதுபோல. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஆழமில்லாத கடலில் யாரோ நடந்து போவது போல இருக்கும். தண்ணீர் கலங்காது. கால் மட்டும் தெரியும்.

போன் அடிக்கும். எடுத்து, யாருக்கோ நாள் குறிப்பேன். திரும்பிப் பார்த்தால் அவர் இன்னும் நடந்துகொண்டிருப்பார்.

ஒரு வியாழன் மனைவி அருள்நாயகியும் கூட வந்தார்.

“இது நாலு கிழமையா இப்பிடித்தான், பிள்ளை. வீட்டிலை மேசையிலை ஊதுவார், கதவிலை ஊதுவார். நித்திரையிலை என்ரை முதுகிலையும் ஊதுவார். அதுவும் வேகமான பாட்டெண்டால் எனக்கு விடிய இடுப்பு நோகும்.”

“உன்ரை முதுகிலை சத்தம் நல்லா வருது,” என்றார் சவிரிமுத்து.

“வரும் வரும். ஜேர்மனிக்குப் போயிருந்தால் வெள்ளைக்காரர் கேட்டிருப்பினம். இப்ப என்ரை முதுகு கேக்குது.”

அப்படித்தான் ஜேர்மனிக் கதை எனக்குத் தெரியவந்தது. 1996இல் ஓர் அமெரிக்கப் பாடகர் ஐரோப்பா முழுக்க ஆறு கிழமைப் பயணத்துக்கு ஆள் தேடினார். பிளாஸ்ரோ பப்பில் சவிரிமுத்துவைக் கேட்டுவிட்டு, வா என்று அழைத்தார். பயணம் மார்ச் மாதம். பங்குத்தந்தையிடம் போனார். நேர்த்தியை வேறொரு புண்ணியமாக மாற்றித் தரலாம் என்று அவர் சொன்னார். சவிரிமுத்து வீட்டுக்கு வந்து தம்பிக்குப் போன் எடுத்தார். தம்பி போனை எடுத்து ஹலோ என்றார். அவ்வளவுதான். அந்தக் குரலைக் கேட்ட பிறகு மாற்ற மனம் வரவில்லை. வேறொருவர் போனார். அந்தப் பாடகரின் அடுத்த றெக்கோட்டிலும் அவர்தான் வாசித்தார்.

“கேட்டிருக்கிறீங்களோ அங்கிள்?”

“கேட்டனான். நல்லாத்தான் வாசிச்சிருக்கிறான். தனிச்சு வாசிக்கிறது பன்ரண்டு செக்கன்.”

“கவலையே இல்லையோ?”

ஜன்னலைப் பார்த்தார். “பன்ரண்டு செக்கன் எண்டு எண்ணி வச்சிருக்கிறன் எல்லோ, பிள்ளை.”

அருள்நாயகி அன்றைக்கு வந்தது வேறொரு காரணத்துக்காக. டெரிக் போன் எடுத்திருந்தார். குருத்து ஞாயிறுக்குள், அதாவது பாஸ்குவுக்கு ஒரு கிழமைக்கு முன், ஆம் அல்லது இல்லை என்று முடிவு வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பிடிக்க நேரம் போதாது. அருள்நாயகியிடம் ஒரு வழி இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் வந்த புதுப் பங்குத்தந்தை தற்செயலாகச் சொன்ன விஷயம் அது. தபசுகாலத்தின் நாற்பது நாளில் ஞாயிற்றுக்கிழமைகள் சேராது. ஞாயிறு எப்போதும் உயிர்ப்பின் நாள். சவிரிமுத்து அது தெரியாமல் முப்பத்துச் சொச்சம் வருடம் ஞாயிறுகளையும் சேர்த்தே ஊதாமல் இருந்திருக்கிறார். பப்பில் கூட்டம் கூடுகிற ஞாயிறுகள், கிட்டத்தட்ட இருநூறு.

“இவருக்குச் சொல்லுங்கோ பிள்ளை,” என்றார் அருள்நாயகி. “வாற ஞாயிறு ஒருக்கா ஊதிப் பாத்தால் என்ன? ஃபாதரே பிழையில்லை எண்டுறார். ஊதினால் இந்தப் பிளேட் நிக்குமோ நிக்காதோ எண்டு தெரிஞ்சுபோம். டெரிக்கும் நிம்மதி, டொக்டரும் நிம்மதி.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

சவிரிமுத்து வெல்வெட் பையின் சுருக்கை இழுத்து மூடினார்.

“நேர்ந்தபோது எனக்கு ஞாயிறு சேராது எண்டு தெரியாது, அருள். தெரியாத நான்தானே நேர்ந்தனான். ஞாயிறும் சேத்துத்தான் குடுத்தனான். தம்பியும் முழுசாத்தானே வந்தவன்.”

“அப்ப டெரிக்குக்கு என்ன சொல்லப்போறியள்?”

“ஓம் எண்டு சொல்லுவன்.”

“நிக்காட்டி?”

அந்த நேரம் டொக்டர் உள்ளே கூப்பிட்டார். கதவு திறந்திருந்தது. சவிரிமுத்து நாற்காலியில் சாய்ந்து, மவுத்பீஸைக் கடித்துக்கொண்டு, சட்டைப் பொத்தான்களில் விரல் வைத்து ஒரு முழுப்பாட்டையும் ஊதாமல் ஊதினார். டொக்டர் பிரமிளா கண்ணாடியைப் பிடித்தபடி பிளேட்டின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அசையலை,” என்றார் கடைசியில். “ஆனா மூச்சு இல்லாம அசையலைன்னா என்ன அர்த்தம்? அங்கிள், ஒண்ணு மட்டும் சொல்றேன். இதைக் கழட்டவே கழட்டாதீங்க. போட்டுப் போட்டுத்தான் பழகும்.”

“கழட்டினால்தான் உதடு சுகமா உள்ளுக்கை மடியுது, டொக்டர்.”

“உதடு மடியறதுக்கா நாலு வாரம் இதைத் தேய்ச்சு ராவிக்கிட்டு இருக்கேன்? போட்டுக்குங்க.”

பெரிய வியாழன் வந்தது. டொக்டர் பிளேட்டைக் கடைசிமுறை ராவினார். பாஸ்குவும் வந்தது.

திங்கட்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு நானும் டொக்டர் பிரமிளாவும் பார்க்கிங்குக்குப் போனோம். ஆற்றோரத்தில் ஒரு பழைய பப். கடலிலிருந்து ஏறுகிற தண்ணீர் ஜன்னலுக்கு வெளியே மெதுவாக உயர்ந்துகொண்டிருந்தது. சேற்றில் சரிந்து கிடந்த படகு ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிமிரத் தொடங்கியது. அருள்நாயகி தின்பதற்குச் சுட்ட றோல்ஸ் பெட்டியோடு முன்மேசையில் இருந்தார். வெள்ளைச் சுருட்டைத் தலையோடு டெரிக் டிரம்ஸுக்குப் பின்னால் இருந்தார். டொக்டர் பிரமிளா முன்வரிசைக்குப் போய், பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நிற்கிற தாயைப்போல நின்றார். நான் மேடையின் பக்கத்தில், கோட்டுகள் தொங்குகிற இடத்தில் நின்றேன்.

முதல் பாட்டு வேகமானது. சவிரிமுத்து மூச்சை இழுத்தார். வந்தது காற்றுத்தான். காற்றுக்குள் எங்கோ ஒரு சத்தம், பிறகு ‘டக்’ என்று ஒரு தட்டல். பிளேட் எழும்பி விழுகிறது என்று எனக்கு விளங்கியது. மறுபடி ஊதினார். மறுபடி காற்று. டெரிக் திரும்பிப் பார்க்காமலே டிரம்ஸைப் பெருக்கி அந்த இடத்தை மூடினார். கீபோர்ட்காரர் சாக்ஸபோன் வாசிக்க வேண்டிய பகுதியைத் தான் எடுத்துக்கொண்டார். சனம் கைதட்டியது. அருள்நாயகி தட்டவில்லை.

இரண்டாவது பாட்டுக்கு முன்னால் சவிரிமுத்து சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். பிறகு மேடையின் ஓரத்துக்கு வந்து குனிந்து, என்னிடம் ஒன்று கேட்டார். சரி என்று தலையசைத்தேன்.

திரும்பிப் போய் நின்றார். இடதுகை மூன்று விரல் ஒன்றாக விழுந்தது. அந்த விரல்களை எனக்குத் தெரியும். ஆனால் இந்தமுறை அவற்றிலிருந்து சத்தம் வந்தது. கரடுமுரடான, தாழ்ந்த, ஓரம் உடைந்த ஒரு சத்தம். பிறகு நீண்ட நேரம் அதுவே. நிறுத்தி வைத்திருந்தார். யாரோ தோள் மாற்றுவதற்குக் காத்திருக்கிற மாதிரி. மூச்சு முடியப்போகிறது என்று எனக்குப் பயமாக இருந்த நொடியில் டெரிக்கின் டிரம் நடக்கத் தொடங்கியது. சின்னவிரல் இறங்கியது. ஜன்னலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பப்புக்குள் இருந்தவர்கள் கிளாஸைத் தூக்கியபடியே மறந்து நின்றார்கள். பிளாஸ்ரோவில் டயர்களுக்கு நடுவே டெரிக் கேட்டது இந்தப் பாட்டாகத்தான் இருக்க வேண்டும். முன்பெல்லாம் அவருடைய சத்தம் இன்னும் கூர்மையாக இருக்கும், இது வேறு என்று பிறகு அருள்நாயகி சொன்னார். நான் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

பாட்டு முடிந்ததும் டெரிக் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டொக்டர் பிரமிளா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார்.

“பாத்தீங்களா விதுஷா? முதல் பாட்டுலே தட்டுச்சு. அப்புறம் செட்டாயிடுச்சு. நான் சொன்னேன்லே, போட்டுப் போட்டுத்தான் பழகும்னு!”

நான் ஓம் என்றேன். இன்னொரு கை கோட்டுப் பைக்குள் மூடியபடியே இருந்தது.

டெரிக் போய்விட்டார். சவிரிமுத்து வேறொரு டிரம்ஸ்காரரோடு இப்போதும் ஞாயிறுகளில் ஊதுகிறார். சாக்ஸபோன்காரருக்காக ராவிய அந்தப் பிளேட்டைப் பற்றி டொக்டர் பிரமிளா பல் வைத்தியர்களின் கூட்டமொன்றில் படம் போட்டுப் பேசினார். நல்ல வரவேற்பு. அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. அதனால்தான் இதை இங்கே எழுத முடிகிறது.

அன்றைக்கு மேடையின் ஓரத்தில் குனிந்து, சுருட்டிய கைக்குட்டை ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, சவிரிமுத்து கேட்டது இதுதான்:

“பிள்ளை, என்ரை பல்லு இதுக்கை கிடக்கு. பாட்டு முடியுமட்டும் பத்திரமா வச்சிருங்கோ. டொக்டர் அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, பாவம்.”